முப்பது அப்பாதுரைகள்

திரையில் முப்பது வரி வந்திருந்தது. முப்பதிலும் அப்பாதுரை.

புகழேந்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கணினி நிரலை மறுபடி ஓட்டினான். அப்பாதுரை, வயது 24, அடி அண்ணாமலை. அப்பாதுரை, வயது 24, அடி அண்ணாமலை. மேலிருந்து கீழ்வரை அதே ஆள். முதல் வரியில் உண்ணாமலை வரவேண்டும். அப்பாதுரை பட்டியலில் கடைசி. கடைசியில் வந்தவன் முன்னால் இருந்த இருபத்தொன்பது பேரையும் தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தான்.

செல்போன் அடித்தது. மையத்தின் முதலாளி இராமலிங்கம்.

"முப்பதும் வந்தாச்சா?"

"வந்துச்சு சார். ஆனா எல்லாம் ஒரே ஆளா வருது."

"நான் பசங்களைக் கேக்கறேன்யா."

"பசங்களா. நானும் வினோதினியும் இருக்கோம் சார்."

இராமலிங்கம் குரலைத் தாழ்த்தினார்.

"பதினொரு மணிக்கு ஆய்வு அலுவலர் வராரு. புதுசா வந்தவரு, மூஞ்சி யாருக்கும் தெரியாது. வெள்ளைச் சட்டை போடுவாராம். தனியா வருவாராம். நான்தான் அலுவலர்னு சொல்லிக்க மாட்டாராம். முப்பது தலை இல்லன்னா மையத்துக்குப் பூட்டு. அப்புறம் நீ மறுபடியும் மண்டிக்குப் போய் மூட்டைதான் தூக்கணும்."

"இன்னிக்கு பௌர்ணமி சார்."

"எனக்குத் தெரியாதா. புது அலுவலருக்குப் பௌர்ணமி அன்னிக்குத்தான் நம்ம மையம் ஞாபகத்துக்கு வருது. நான் என்ன பண்றது?"

போன் துண்டிக்கப்பட்டது.

நவயுகம் கணினிப் பயிற்சி மையம் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி, ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. சென்னையில் உள்ள ஓர் அறக்கட்டளை கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணினி சொல்லிக்கொடுக்கச் சொல்லிப் பன்னிரண்டு கணினியும் ஓர் ஏசியும் கொடுத்திருந்தது. பிள்ளைகளை மட்டும் கொடுக்கவில்லை. அதை இராமலிங்கம் பார்த்துக்கொண்டார். ஊரில் முப்பது பேரிடம் ஆதார் நகல் வாங்கிப் பட்டியல் போட்டார். ஆய்வு நடக்கும் அன்று மட்டும் முப்பது பேரும் குளித்துவிட்டு வருவார்கள். பஃப்ஸ் தின்பார்கள். அவரவர் பெயரை ஒற்றை விரலால் தட்டிவிட்டுப் போவார்கள். மற்ற நாளெல்லாம் அறையில் புகழேந்தியும், ஆபீஸ் வேலை பார்க்கும் வினோதினியும், ஏசியும்தான்.

புகழேந்தி பி.சி.ஏ. முடித்துவிட்டு நான்கு வருடம் நெல் மண்டியில் மூட்டை தூக்கியவன். வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். அப்பா இன்னமும் அங்கேதான் தூக்குகிறார். பயிற்சியாளர் வேலைக்கு வந்த முதல் நாள் ஏசியில் அவனுக்குத் தூக்கம் வந்தது. இரண்டாம் நாள் வெட்கமாக இருந்தது. மூன்றாம் நாள், இனி செத்தாலும் மூட்டைக்கு அடியில் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டான்.

அறக்கட்டளையின் கால அட்டவணைப்படி இன்றைய பாடம், பிஎச்பி என்ற கணினி மொழியில் கிளாஸ், ஆப்ஜெக்ட். எட்டு நாளாக மனப்பாடம் செய்திருந்தான். "கிளாஸ் என்பது ஒரு வார்ப்பு. ஆப்ஜெக்ட் என்பது அதன் நிகழ்வு." தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அர்த்தம் கேட்டால்தான் தொந்தரவு. மாணவர் என்று ஒரு கிளாஸ் எழுதி, அதிலிருந்து முப்பது பேரை வரவழைத்து அலுவலருக்குக் காட்டலாம் என்று பார்த்தால், முப்பதும் அப்பாதுரையாக வந்து நிற்கிறது.

நிரலை அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினான். இப்போதைக்கு நிஜத் தலைகள்தான் அவசரம்.

பௌர்ணமி காலையிலேயே பிறந்துவிட்டது. பாதை முழுக்க ஜனம். பட்டியலில் முதல் ஆளான உண்ணாமலை தள்ளுவண்டியில் வெள்ளரிக்காய் நறுக்கி மிளகாய்த்தூள் தூவிக்கொண்டிருந்தாள்.

"உண்ணாமலை, ஒரு மணி நேரம் மேல வந்து உக்காந்துட்டுப் போ."

"இன்னா சார் நீங்க. மாசத்துல ஒரு நாளு யாவாரம். இன்னிக்குப் போய்ப் படிக்கச் சொல்றீங்க."

"படிக்க வேணாம். உக்காந்தா போதும்."

"என் பேருல வேற யாரையாச்சும் உக்கார வைங்க. போன தடவை எங்க நாத்தனா பேருக்கும் நான்தானே எழுந்து நின்னேன். பொடவைய மட்டும் மாத்தினு வந்தேன்."

"மத்தவங்கல்லாம் எங்க?"

கத்தியால் பாதையைக் காட்டினாள். நான்காம் எண் சுண்டல் விற்றது. ஒன்பதும் பத்தும் செருப்பு பார்த்துக்கொள்ளும் இடத்தில் டோக்கன் கொடுத்தன. பதினேழு தண்ணீர் பாட்டில்.

"உங்களுக்குத் தலைதானே சார் வேணும்? ரோடு பூரா தலைதான் போவுது. வழிய விடுங்க, யாவாரம் கெடுது."

புகழேந்தி பாதையைப் பார்த்தான். உண்மைதான்.

கால் மணி நேரத்தில் வினோதினி ஓர் அட்டையில் 'ஏசி ஓய்வறை, மோர் உண்டு, இலவசம்' என்று எழுதிப் படிக்கட்டில் தொங்கவிட்டாள். ஒன்பது கிலோமீட்டர் வெறுங்காலில் நடந்து வந்தவர்களுக்கு வேறென்ன வேண்டும். முப்பது கேட்ட இடத்தில் எழுபது வந்தது. வந்தவர்கள் உட்காரவில்லை, படுத்தார்கள். ஒருவர் ஈர வேட்டியைப் பிழிந்து மானிட்டர் மேல் காயப்போட்டார். சர்வர் பெட்டியில் ஓர் அம்மாள் கால் நீட்டி வைத்தாள்.

"முப்பது பேர் மட்டும் இருங்க. மத்தவங்க தயவுசெஞ்சு கீழ போங்க" என்றான் புகழேந்தி.

"ஏம்பா, சாமியைச் சுத்த வந்தவங்களை எண்ணிப் பாத்தா உள்ள விடுவே?"

வினோதினி மோர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு கீழே போனாள். நாற்பத்தொரு பேர் அண்டாவின் பின்னால் போனார்கள். உரக்கடைக்காரர் கீழே கத்துவது மாடி வரை கேட்டது. மோர் இல்லாவிட்டாலும் ஏசி போதும் என்று இருந்தவர்கள் இருபத்தொன்பது பேர். அவர்களுக்கு ஆளுக்கொரு பெயர் அட்டை கொடுத்து, பதிவேட்டில் அந்தப் பெயரிலேயே கையெழுத்தும் வாங்கினான்.

"ஒரு மணி நேரத்துக்கு இதுதான் உங்க பேரு. யாராச்சும் கூப்புட்டா கை தூக்கணும்."

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மலையைச் சுற்ற வந்த இடத்தில் என்ன கொடுத்தாலும் வாங்கிக்கொள்வதுதான் வழக்கம். ஆந்திராவிலிருந்து வந்த மீசைக்காரப் பெரியவர் ஒருவர், உண்ணாமலை என்று எழுதிய அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இடுப்பில் செருகினார். முன்வரிசையில் இருந்த அம்மாள் மட்டும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். செய்யாறில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், பெயர் சரோஜா.

"சிந்துஜா, வயசு பத்தொன்பதுனு போட்டிருக்கு. எனக்கு அறுபத்தி நாலு."

"அட்டைதாம்மா அது."

"முப்பத்தி நாலு வருசம் அட்டெண்டன்ஸ் எடுத்தவ நான். பொய் அட்டெண்டன்ஸ் வாசனையிலேயே எனக்குத் தெரியும்."

"கீழேருந்து மோர் எடுத்தாரச் சொல்லட்டுமா?"

"ரெண்டு டம்ளரா எடுத்தாரச் சொல்லு. பாடத்தை ஒழுங்கா நடத்து. சும்மா உக்கார மாட்டேன்."

இன்னும் ஒரு தலை வேண்டும். அப்பாதுரை. படிக்கட்டில் ஓர் ஆள் நொண்டிக்கொண்டு ஏறி வந்தார். ஐம்பத்தைந்து இருக்கும். வெற்றுடம்பு, பட்டை பட்டையாகத் திருநீறு, தோளில் துண்டு, காலில் கொப்புளம்.

"தம்பி, இங்க யாரு பொறுப்பு?"

"நான்தான். ஒரே சீட்டுதான் பாக்கி, வாங்க. உங்க பேரு அப்பாதுரை, வயசு இருபத்தி நாலு."

"இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"அப்புறமா சொல்லுங்க ஐயா. இந்த இடத்துல அப்பாதுரைனு ஒரு கையெழுத்து."

அவர் பதிவேட்டைப் பார்த்தார். ஏசியைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்வரிசையில் போய்க் காலை நீட்டினார்.

சரியாகப் பதினொரு மணி. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த வினோதினி புகழேந்தியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கீழே வெள்ளை முழுக்கைச் சட்டை, தோளில் பை, தனி ஆள். அண்ணாந்து மையத்தின் பெயர்ப் பலகையைப் படித்தார். செல்போனில் ஒரு படம் எடுத்தார். படியேறினார்.

"கொஞ்ச நேரம் உக்காரலாங்களா?"

"உங்களுக்காகத்தான் சார் எல்லாரும் காத்துனு இருக்கோம்."

"எனக்காகவா. பரவால்லையே."

சுழல் நாற்காலி போடப்பட்டது. இளநீர் வந்தது. வெள்ளைச் சட்டை ஒரே மூச்சில் குடித்தார்.

"இந்த ஊரே இப்படித்தான் போல. வர்ற வழியெல்லாம் கூப்புட்டுக் கூப்புட்டுக் குடுக்கறாங்க."

மற்ற மையங்களில் என்னென்ன கொடுத்தார்களோ என்று புகழேந்தி கணக்குப் போட்டான். வினோதினியைப் பார்த்தான். அவள் இன்னோர் இளநீரை வெட்டச் சொன்னாள். இந்த முறை வழுக்கையோடு.

பாடம் தொடங்கியது.

"கிளாஸ் என்பது ஒரு வார்ப்பு. ஆப்ஜெக்ட் என்பது அதன் நிகழ்வு."

"அப்படீன்னா?" என்றாள் சரோஜா.

"பாடத்துல அப்படித்தான் இருக்கு."

"பாடத்துல இருக்கறதை நானே படிச்சுக்குவேன். நீ எதுக்கு நிக்கறே?"

வெள்ளைச் சட்டை சிரித்தார். புகழேந்தி பாடத்தை விட்டுவிட்டான். தனக்குத் தெரிந்த ஒரே பொருளுக்குப் போனான்.

"மண்டியில காலிச் சாக்கு இருக்கும் பாருங்க, அதான் கிளாஸ். அதுல நெல்லு ரொப்பினா ஆப்ஜெக்ட்."

"ரொப்பினப்புறம் காலிச் சாக்கு எங்க இருக்கும்?"

"அதான் மூட்டை ஆயிடுச்சே."

"அப்ப ரெண்டாவது மூட்டைக்கு?"

"வேற சாக்கு."

"வேற சாக்குன்னா வேற கிளாஸா? மூட்டைக்கு ஒரு கிளாஸா?"

நான்கு வருடத்தில் மண்டியில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. புகழேந்தி சுண்ணாம்புக் கட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். பின்வரிசையில் துண்டு போட்டவர் கையைத் தூக்கினார்.

"கீழ, எடது பக்கம் ஐயா. உள்ள தாழ்ப்பா இல்ல, இருமிக்கினே இருங்க" என்றாள் வினோதினி.

"அதுக்கில்லம்மா..."

"அப்பாதுரை, கை இறக்குங்க" என்றான் புகழேந்தி. "சார் கவனிச்சுனு இருக்காரு."

வெள்ளைச் சட்டை நாற்காலியை உருட்டித் திரைக்கு நெருக்கமாக வந்துவிட்டார். கண் நிரலின் மேல் மேயத் தொடங்கியது. குனிந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"இதை ரன் பண்ணிக் காட்டுங்க."

வேறு வழியில்லை. புகழேந்தி பொத்தானை அழுத்தினான். முப்பது அப்பாதுரைகள் வரிசையாக இறங்கினார்கள்.

"நான் நெனச்சேன். முப்பது பேர் இருக்கற மாதிரி கணக்குக் காட்டியிருக்கீங்க. ஆனா உண்மையில இங்க இருக்கறது ஒரே ஆளு."

புகழேந்தி மேசையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரே ஆளை முப்பது இடத்துல உக்கார வெச்சு, பேரை மட்டும் மாத்தி மாத்திப் போட்டிருக்கீங்க. சரியா?"

"சார், பௌர்ணமிங்கறதால..."

"பௌர்ணமிக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"எல்லா தடவையும் இல்ல சார். போன தடவை ஒரே ஒரு பொண்ணு மட்டும்தான் நாத்தனா பேருக்கும் எழுந்து நின்னுது. பொடவை மாத்தினு."

வெள்ளைச் சட்டை அவனை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் விளங்காதவர் மாதிரி தலையை ஆட்டிவிட்டு மறுபடி திரைக்குத் திரும்பினார். கோபத்தை அடக்கிக்கொள்கிறார் என்று புகழேந்தி எடுத்துக்கொண்டான். கண்ணுக்கு முன்னால் மண்டி தெரிந்தது. அப்பா முதுகை வளைத்து நிற்க, பக்கத்தில் இவனுக்கும் ஒரு மூட்டை.

"சரி, ஒருத்தரை எழுப்புவோம். உண்ணாமலை யாரு?"

ஆந்திராப் பெரியவர் மீசையைத் தடவிக்கொண்டு எழுந்து கும்பிட்டார்.

"இவரு உண்ணாமலையா?"

"வேண்டுதல்ல வெச்ச பேரு சார்" என்றாள் வினோதினி.

"சரி, உண்ணாமலை எழுந்து நிக்கறாரு. இப்ப இவரோட அட்டையில உண்ணாமலையை அடிச்சுட்டு அப்பாதுரைனு எழுதினா, அப்பாதுரைனு ரெண்டாவதா ஒரு ஆளு வந்துடுவானா?"

சரோஜா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்து வந்தாள். திரையை விரலால் தொட்டாள்.

"இந்த நியூங்கறது என்னா?"

"புதுசா ஒரு ஆப்ஜெக்ட் உண்டாக்கறது."

"அதை ஒரே ஒரு தடவைதானே போட்டிருக்கு?"

"ஆமாங்க. முப்பது வாட்டி ஓடற சுத்துக்கு வெளிய."

"புரிஞ்சு போச்சு. ஏய்யா வாத்தியாரே, சாக்கும் இல்ல மூட்டையும் இல்ல. ஸ்கூல்ல சேர்க்கைப் படிவத்துக்கு ஒரு மாதிரி வெச்சிருப்போம். பேரு ஒரு கட்டம், வயசு ஒரு கட்டம், ஊரு ஒரு கட்டம். அந்த மாதிரிதான் கிளாஸ். அதை யாரும் ரொப்ப மாட்டாங்க, அது பீரோவுல அப்படியே இருக்கும். நியூனு சொன்னா அதைப் பாத்து ஒரு புதுத் தாள் வரும். அதுல ஒருத்தன் பேரை எழுதினா அவன் ஆப்ஜெக்ட். நீ என்னா பண்ணியிருக்கே, ஒரே ஒரு தாளை வாங்கி, உண்ணாமலைனு எழுதி, அதையே அழிச்சுட்டு அடுத்தவன் பேரை எழுதி, அதையும் அழிச்சு, முப்பது வாட்டி அழிச்சிருக்கே. லிஸ்ட்டுல முப்பது இடத்துலயும் இருக்கறது அந்த ஒத்தத் தாளு. கடைசியா எழுதின அப்பாதுரைதான் அதுல நிக்கறான்."

வெள்ளைச் சட்டை கை தட்டினார்.

"எங்க ஆபீஸ்ல புதுசா சேர்ற பசங்களுக்கு இதைச் சொல்லித்தர எனக்கு ரெண்டு நாள் ஆவும். யாருங்க இவங்க?"

"சிந்துஜா சார்" என்றாள் வினோதினி. "வயசு பத்தொன்பது."

அவர் சரோஜாவின் நரையைப் பார்த்தார்.

"படிப்பு டென்ஷன் கொஞ்சம் ஜாஸ்தி சார்."

புகழேந்தி இவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. கணினி முன் உட்கார்ந்து, நியூ என்று இருந்த வரியை வெட்டி எடுத்துச் சுற்றுக்குள் ஒட்டினான். அழுத்தினான்.

உண்ணாமலை, வயது 22. அடுத்தது வேறு ஆள். அதற்கடுத்தது வேறு ஆள். சிந்துஜா, வயது 19. முப்பதாவது வரியில் ஒரே ஓர் அப்பாதுரை, அவன் இடத்தில், அடக்கமாக.

எட்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த வார்ப்பும் நிகழ்வும் அப்போதுதான் மண்டைக்குள் இறங்கின. வாயைத் திறந்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எழுதி, அவன் திருத்தி, ஓடிய முதல் நிரல். பின்னால் யாரோ "அரோகரா" என்றார்கள். அறை முழுக்கத் திருப்பிச் சொன்னது. ஆந்திராப் பெரியவர் திரைக்கு முன்னால் கற்பூரம் ஏற்றலாமா என்று ஜாடையில் கேட்டார். வினோதினி நெருப்புப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

அரோகரா சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. படுத்திருந்தவர்களுக்கெல்லாம் மலை ஞாபகம் வந்துவிட்டது. வேட்டியை மானிட்டரிலிருந்து உருவினார்கள். பைகளைத் தூக்கினார்கள். பெயர் அட்டைகளைப் பிரசாதம் மாதிரி பத்திரப்படுத்திக்கொண்டு படியிறங்கத் தொடங்கினார்கள்.

"வகுப்பு முடியலைங்க" என்றான் புகழேந்தி.

"வெயிலு ஏறுதுப்பா. அடுத்த பௌர்ணமிக்கு வரோம்."

இருபது, பதினைந்து என்று தலை குறைந்துகொண்டே வந்தது. முப்பதும் இருந்ததற்கு எழுத்தில் சாட்சி வேண்டும். புகழேந்தி மேசை இழுப்பறையிலிருந்து ஆய்வுப் படிவத்தை உருவிக்கொண்டு வெள்ளைச் சட்டையிடம் ஓடினான். பேனாவின் மூடியைத் தானே கழற்றி நீட்டினான்.

"சார், திருப்தின்னா இங்க ஒரு கையெழுத்து."

அவர் படிவத்தைக் கையில் வாங்கிப் படித்தார். மறுபக்கம் திருப்பினார். புகழேந்தியின் முகத்தைப் பார்த்தார்.

"ஆய்வு அலுவலர்னு போட்டிருக்கே. நான் எதுக்குங்க இதுல போடணும்?"

"நீங்கதானே சார்..."

"நான் ஓசூர்ல சாஃப்ட்வேர் கம்பெனியில இருக்கேங்க. கால் வலி, ஏசினு எழுதியிருந்தது, ஏறி வந்தேன். இளநி குடுத்தீங்க, சேர் குடுத்தீங்க. அன்னதானம் மாதிரி இது ஏதோ கணினி தானம்னு நெனச்சேன்."

பேனா மூடி புகழேந்தியின் கையிலிருந்து விழுந்து மேசைக்கு அடியில் உருண்டது. அதை எடுக்க யாரும் குனியவில்லை.

பின்வரிசையில் காலை நீட்டியிருந்தவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

"அதை இப்படிக் குடு தம்பி, பதிவேட்டுல நீ சொன்ன மாதிரி அப்பாதுரைனு போட்டுட்டேன், இதுல மட்டும் என் சொந்தப் பேர்லதான் போடணும்."